கர்ப்பப் பரீட்சையும் பகுத்தறிவும்

(தரமணியில் நடந்த ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் பொது மேடைக்குத் தகாததென்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். "ஒரு சொட்டு இரத்தத்தில் கர்ப்பம் அறியும் பரீட்சை, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்" என்று துண்டு நோட்டீசில் போட்டிருப்பதைப் பார்த்து, "இது டாக்டர்களும் பெண்டுகளும் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, இவருக்கு இதில் என்ன வேலை?" என்று இரண்டொருவர் கேட்டதாகவும் அறிகிறோம். நியாயமான கேள்விதான். நாம் டாக்டரல்ல. பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததும் அதிகமில்லை. கண்டதைப் படித்து, தெரிந்தவரைக் கேட்டு, அறிந்து கொண்ட கொஞ்ச அறிவைத்தான் நாம் மேடைக்கு மேடை கொண்டு போகிறோம். ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச நமக்கு ஒரு கடமை இருக்கிறது. அது என்ன கடமை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் இதேபோன்ற ஒரு கூட்டத்தில், நாடி பிடித்துக் கர்ப்பம் சொல்லுகிறவர்களையும், வயிற்றின் அமைப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லுகிறவர்களையும் பற்றிப் பேசினோம். பேச்சின் வேகத்தில், "இவர்களிடம் ஏன் போகிறீர்கள்? மருந்துக்கடையில் 60 ரூபாய்க்குக் கார்டு விற்கிறது. வாங்கிப் பாருங்கள். மனிதன் பொய் சொல்லுவான், கார்டு பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டோம். எல்லோரும் கைதட்டினார்கள். நமக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து, அந்தக் கூட்டத்திற்கு வந்திருந்த தோழர் ஒருவரின் தங்கைக்கு அடிவயிற்றில் வலி கண்டது. நாள் தள்ளிப் போய்ச் சில தினங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு வைத்திய சாலைக்குப் போனார்கள். அங்கே சிறுநீரில் கார்டு வைத்துப் பார்த்தார்கள். ஒரே கோடு. "கர்ப்பமில்லை, வாயுக் கோளாறு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்தப் பெண் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போன பிறகுதான், கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயிலே தங்கி, குழாய் வெடித்து, வயிறு நிறைய இரத்தம் நிற்பது தெரிந்தது. இரவோடிரவாக ஆபரேஷன் செய்து உயிரை மீட்டார்கள்.

அந்தத் தோழர் நம்மிடம் வந்து, "அண்ணே, கார்டு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் நமக்கு அதிகக் கஷ்டமாயிருந்தது. நாம் பதில் சொல்லவில்லை. சொல்லப் பதில் இல்லை. ஜோசியனிடம் "என்ன ஆதாரம்?" என்று கேட்டுப் பழகிய நாம், கார்டினிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆராயாமல் நம்புவதுதான் மூடநம்பிக்கை என்றால், அன்றைக்கு நாமும் ஒரு மூடநம்பிக்கையைத்தான் பிரசாரம் செய்திருக்கிறோம். ஆகவே இன்றைக்கு இந்தப் பேச்சு, உங்களுக்குப் புத்தி சொல்லுவதற்காக அல்ல. நமது தவறைத் திருத்திக் கொள்ளுவதற்காகவே.

கோதுமை முதல் கார்டு வரை

கர்ப்பத்தை முன்கூட்டி அறிய வேண்டுமென்ற ஆசை நேற்று முளைத்ததல்ல. பழைய எகிப்து தேசத்தில், பெண்ணின் சிறுநீரைக் கோதுமையின் மேலும் பார்லியின் மேலும் தினம் ஊற்றி, முளைத்தால் கர்ப்பம், எது முந்தி முளைக்கிறதோ அதைக் கொண்டு ஆண் அல்லது பெண் என்று சொன்னார்கள். இதைக் கேட்டதும் நாம் சிரித்துவிடுவோம். ஆனால் 1963இல் எகிப்திலேயே சில விஞ்ஞானிகள் சிரிக்காமல் அதைச் செய்து பார்த்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரை ஊற்றியதில் 100க்கு ஏறக்குறைய 70 முளைத்தது. ஆணா பெண்ணா என்ற பாகம் மட்டும் சுத்தப் புரட்டென்று ஏற்பட்டது. பழையது என்பதற்காக ஒன்றை ஏற்பதும் தப்பு, தள்ளுவதும் தப்பு என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. செய்து பார்த்து, எண்ணிப் பார்ப்பதுதான் வழி.

பிறகு 1927, 28இல் ஜெர்மனியில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இருவர், கர்ப்பிணியின் சிறுநீரை எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டு, சில நாள் கழித்து அவற்றின் சூற்பையை அறுத்துப் பார்த்துக் கர்ப்பத்தைக் கண்டறிந்தார்கள். 1931இல் அமெரிக்காவில் எலிக்குப் பதில் முயல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஹாக்பென் என்பவர் தவளையைக் கொண்டு வந்தார். ஊசி போட்ட தவளை ஒரு நாளைக்குள் முட்டையிட்டால் கர்ப்பமென்று அர்த்தம்.

இந்தத் தரமணிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ நிலையம் இதே ஊரில் இருக்கிறதே, அது யார் பெயரால் இருக்கிறது? டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பெயரால். அவர் 1942 முதல் 1969 வரை துணைவேந்தராயிருந்தது அநேகருக்குத் தெரியும். பிரசவ வைத்தியத்தில் அவர் எழுதி 1938இல் வெளியான புத்தகத்தை, அவருக்குப் பின்னும் திருத்தித் திருத்தி, இந்தியா முழுவதும் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் படித்து வருகிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்தப் புத்தகம் வந்த காலம் எலிக்கும் முயலுக்கும் தவளைக்கும் ஊசி போட்டுக் கொண்டிருந்த காலம். இன்று அவர் பெயர் கொண்ட நிலையத்தில் சுரப்பிகளைப் பற்றிப் படிப்பதற்கென்றே தனித்துறை இருக்கிறது.

எலியும் தவளையும் அறிவித்ததெல்லாம் ஒரே பொருளைத்தான். கரு கர்ப்பப்பையில் ஒட்டிக் கொண்டதும், நச்சுக்கொடியாக மாறப் போகிற பாகம் ஒரு சுரப்பு நீரை உண்டாக்குகிறது. அதற்கு எச்.சி.ஜி. என்று பெயர். கர்ப்பமில்லாத பெண்ணின் இரத்தத்தில், மில்லிலிட்டருக்கு 5 மில்லியூனிட்டுக்கும் குறைவாகவே அது இருக்கும். கர்ப்பமானால் ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளைக்கொரு முறை இரட்டிப்பாகிக் கொண்டே போய், இரண்டு இரண்டரை மாதத்தில் லட்சம் வரை ஏறி, பிறகு இறங்கும்.

1960இல் மிருகங்கள் இல்லாமல் கண்ணாடிக் குழாயிலேயே இதைப் பார்க்கும் முறை வந்தது. ஆனால் உடம்பிலுள்ள வேறொரு சுரப்பு நீர் இதன் சாயலாகவே இருப்பதால், தூரம் நின்று போன வயதுப் பெண்களுக்குக் கூடக் கர்ப்பமென்று காட்டியது. 1972இல் அமெரிக்காவில், இதற்கே உரிய பாகத்தை மட்டும் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. இன்று மருந்துக்கடையில் விற்கும் கார்டும், ஆஷா ஊழியர்கள் வழியாக மத்திய சர்க்கார் இலவசமாகக் கொடுக்கும் 'நிச்சய்' கார்டும் அந்த வழியில் வந்தவைதான்.

சிறுநீரும் இரத்தமும்

நிற்க, கார்டு எப்படி வேலை செய்கிறது? கோடு விழ வேண்டிய இடத்தில் ஒரு கூலியாள் நகராமல் நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இன்னொரு ஆள் சாயம் பூசிக்கொண்டு தண்ணீரோடு நடந்து வருகிறான். எச்.சி.ஜி. என்பது ஒரு மூட்டை. நடந்து வருகிறவன் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக் கொண்டு வருகிறான். நிற்கிறவன் மறு முனையைப் பிடித்து நிறுத்துகிறான். இப்படி அநேக ஆட்கள் நின்ற இடத்தில் சாயம் சேர்ந்து கோடாகத் தெரிகிறது. இரண்டாவது கோடு, தண்ணீர் கடைசிவரை ஓடியது என்பதற்கு மட்டுமே சாட்சி. முடிவு சரியென்பதற்கு அது சாட்சியல்ல.

சிறுநீர்க் கார்டு பொதுவாக 25 மில்லியூனிட் இருந்தால்தான் கோடு காட்டும். சிறுநீரோ குடித்த தண்ணீருக்குத் தக்கபடி நீர்த்துப் போகும். வயிற்று வலியோடு வந்தவளிடம் "நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் எடுத்து வா" என்று சொன்னால், இருக்கிற கொஞ்சமும் கரைந்து போகிறது. நமது தோழரின் தங்கைக்கு நேர்ந்ததும் இப்படித்தான் இருக்க வேண்டுமென்று பிறகு ஒரு டாக்டர் நமக்கு எடுத்துச் சொன்னார். மயங்கிக் கிடப்பவளிடம் சிறுநீர் வாங்கவும் முடியாது. ஆகையால்தான் அவசரப் பிரிவுகளில், படுக்கையருகிலேயே இரத்தத்தில் பார்க்கும் யோசனை வந்தது. சிறுநீருக்கும் சீரத்திற்குமென்று செய்த கார்டிலேயே, தெளிய வைக்காமல் முழு இரத்தத்தைச் சொட்டு விட்டுப் பார்ப்பது ஒரு வழி. கையில் பிடிக்கும் அளவான கருவியில் கொஞ்சம் இரத்தம் விட்டு, சுமார் 10 நிமிஷத்தில் எண்ணாகவே பார்ப்பது இன்னொரு வழி.

முதல் வழியை அமெரிக்காவில் ஒரு அவசரப் பிரிவில் சோதித்து, 2012இல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்த இரத்த அளவோடு ஒப்பிட்டதில், கர்ப்பமானவர்கள் 100 பேரில் 95, 96 பேரை முழு இரத்தக் கார்டு கண்டு கொண்டது. சிறுநீர்க் கார்டும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே இரத்தம் என்றவுடன் தவறே இராதென்று நினைப்பதும் தப்பு. சொட்டு இரத்தத்தில் என்ன தெரியும் என்று தள்ளுவதும் தப்பு. சிறுநீர் வருமென்று காத்திருக்கும் நேரம் மிச்சமாகிறது என்பதே அதில் கிடைத்த பெரிய லாபம்.

எண்ணிப் பார்ப்பது எப்படி?

பெட்டியின் மேல் "99 சதவிகிதம் துல்லியம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். யாருக்கு? நாள் தள்ளி எத்தனை நாள் ஆனவளுக்கு? யார் கையில்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் 99 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஒரு பரீட்சையைப் பரீட்சிக்க வேண்டுமானால், அதைவிட நம்பகமான வேறொன்றோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டு நான்கு கட்டம் போட வேண்டும். கர்ப்பமாயிருந்து ஆமென்றது எத்தனை? கர்ப்பமாயிருந்தும் இல்லையென்றது எத்தனை? கர்ப்பமில்லாமல் இல்லையென்றது எத்தனை? கர்ப்பமில்லாமலே ஆமென்றது எத்தனை? ஜோசியர்கள் முதல் கட்டத்தை மட்டும் சொல்லுவார்கள். "அந்த மிராசுதார் சம்சாரத்திற்குச் சொன்னேன், பலித்தது" என்பார்கள். பலிக்காத கட்டத்தை அவர்களும் எண்ணுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

இரண்டாவதாக, கோடு பார்க்கிறவருக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. முழுகாமலிருக்கிறாள் என்று முன்பே தெரிந்தால், இல்லாத கோடும் மங்கலாகத் தெரியும். நாடி பார்ப்பவரை, முகம் தெரியாமல் திரை போட்டு, கையை மட்டும் நீட்டிச் சோதிக்க வேண்டுமென்று நாம் சொல்லுவதில்லையா? அதே திரை கார்டுக்கும் வேண்டும்.

மூன்றாவது, யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பது. தியாகராய நகர் நகைக்கடையில் ஒருவன் புது உரைகல் கொண்டு வந்து, பித்தளைச் சொம்பையும் சொக்கத் தங்கத்தையும் உரைத்துக் காட்டி, "பார்த்தீர்களா, தவறவே இல்லை" என்றால் கடைக்காரர் வாங்குவாரா? கலப்பு நகையை உரைத்துக் காட்டு என்பார். அப்படியே, மூன்று மாதக் கர்ப்பிணிகளையும் கர்ப்பமே இல்லாதவர்களையும் வைத்துச் சோதித்தால் எந்தக் கார்டும் தேறிவிடும். நாள் தள்ளிச் சில நாளே ஆன, வலியோடு வந்த, சந்தேகமான பெண்களிடம் தேறுகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கர்ப்பிணிகள் 100 பேரில் 96 பேரைக் கண்டு கொள்ளுவதும், கர்ப்பமில்லாத 100 பேரில் 99 பேருக்குச் சரியாக இல்லையென்பதுமான ஒரு பரீட்சை என்று வைத்துக் கொள்ளுவோம். அவசரப் பிரிவுக்கு வந்த 1000 பெண்களில் 200 பேர் கர்ப்பமென்றால், 192 பேரைக் கண்டு கொள்ளும், 8 பேரை விட்டுவிடும். மீதி 800 பேரில் 8 பேருக்குத் தப்பாக ஆமென்னும். ஆமென்று வந்த 200 பேரில் 192 சரி. நல்ல பரீட்சைதான்.

அதே பரீட்சையை, கர்ப்பத்திற்கு அநேகமாக இடமில்லாத 1000 பேரிடம் செய்கிறோம், அவர்களில் 5 பேர்தான் கர்ப்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த 5 பேரையும் கண்டு கொள்ளும். மீதி 995 பேரில் சுமார் 10 பேருக்குத் தப்பாக ஆமென்னும். ஆமென்று வந்த 15 பேரில் 10 தவறு! பரீட்சை மாறவில்லை; வந்த ஜனங்கள்தான் மாறினார்கள். ஆகவே "இந்தக் கருவி எவ்வளவு நம்பகம்?" என்ற கேள்விக்கு, யாரிடம் உபயோகிக்கிறோம் என்று தெரியாமல் பதிலே சொல்ல முடியாது.

விட்டுப் போனவர்கள் யார்?

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். விட்டுப் போன அந்த 8 பேர் யார்? சீட்டுக் குலுக்கி எடுத்த 8 பேரா? அல்லவே அல்ல. எச்.சி.ஜி. குறைவாக இருப்பவர்கள்தான் விட்டுப் போவார்கள். யாருக்குக் குறைவாக இருக்கும்? கர்ப்பம் உண்டாகிச் சில நாளே ஆனவர்களுக்கு, கலைந்து கொண்டிருப்பவர்களுக்கு, குழாயில் கரு தங்கியவர்களுக்கு. கர்ப்பங்களில் 100க்கு ஒன்று அல்லது இரண்டு இப்படிக் கர்ப்பப்பைக்கு வெளியே தங்குவதுண்டு. அவற்றில் அநேகமாக எச்.சி.ஜி. மெதுவாகத்தான் ஏறும். அதாவது யாருக்கு இந்தப் பரீட்சை மிக அவசியமோ, அவர்களிடத்திலேயே இது அதிகமாகத் தவறுகிறது. 100க்கு 96 என்று கேட்டுத் திருப்தியடைகிறவன், அந்த 4 பேர் யாரென்று கேட்க மறந்துவிடுகிறான். நாமும் மறந்துதான் போனோம்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். அளவுக்கு மீறி அதிகமாயிருந்தாலும் கார்டு இல்லையென்று சொல்லிவிடலாம். முத்துப்பிள்ளை என்று நமது பெண்கள் சொல்லுகிறார்களே, கரு வளராமல் முத்து முத்தாகக் கொப்புளங்கள் வளர்வது, அதில் எச்.சி.ஜி. பல லட்சத்திற்கும் ஏறிவிடும். முன் சொன்ன கூலியாட்களை நினைத்துப் பாருங்கள். மூட்டைகள் மலைபோல் வந்து குவிந்தால், நிற்கிறவன் கையிலும் ஒரு மூட்டை, நடக்கிறவன் கையிலும் ஒரு மூட்டை. இருவரும் ஒரே மூட்டையைப் பிடிப்பதற்கு வழியில்லை. சாயக்காரன் தன் மூட்டையோடு நடந்து போய்விடுகிறான், கோடு விழுவதில்லை. விஷயம் தெரிந்தவர்கள், சந்தேகமிருந்தால் அதில் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்து மறுபடி பார்ப்பார்கள். அப்போது கோடு விழும்.

இல்லாததை உண்டென்று சொல்லுவதால் வரும் கேடும் குறைந்ததல்ல. குழந்தைப்பேற்றுக்காக இந்த மருந்தையே ஊசியாகப் போட்டுக் கொண்டவர்களுக்கும், பிரசவமோ கருக்கலைவோ ஆகிச் சில வாரங்களே ஆனவர்களுக்கும் கோடு தெரியலாம். இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இருபது சொச்சம் வயதுள்ள ஒரு பெண்ணுக்கு, 1990களின் கடைசியில் இரத்தப் பரீட்சையில் எச்.சி.ஜி. இருப்பதாகவே திரும்பத் திரும்ப வந்தது. கர்ப்பமில்லை, ஆகவே புற்றுநோய் என்று முடிவு செய்து, கடுமையான மருந்துகளைக் கொடுத்தார்கள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு பாகத்தையும் எடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் அவளுக்குப் புற்றுநோயே இல்லை! அவள் இரத்தத்திலிருந்த வேறொரு எதிர்ப்பொருள் பரீட்சையை ஏமாற்றியிருக்கிறது. 2001இல் நீதிமன்றம் அவளுக்குப் பெருந்தொகை நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்த எதிர்ப்பொருள் சிறுநீரில் இறங்காது. ஒரு முறை சிறுநீரில் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். இது ஏதோ பட்டிக்காட்டில் நடந்ததல்ல. பெரிய டாக்டர்களும் பெரிய இயந்திரங்களும் உள்ள இடத்திலேயே நடந்தது. இயந்திரம் ஒரே தவறைப் பத்துத் தடவை சொன்னால் அது பத்து சாட்சியாகாது. வேறு வழியில் ஒரு தடவை கேட்பதுதான் சாட்சி.

என்ன செய்ய வேண்டும்?

"அப்படியானால் கார்டை விட்டு நாடிக்கே திரும்பிப் போகலாமா?" என்று யாராவது கேட்கலாம். கூடாது. இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கார்டு எங்கே தவறும், ஏன் தவறும், தவறினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கார்டைச் செய்தவர்கள் கூட்டத்திலிருந்தே ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் நாம் சொன்னதெல்லாம் அவர்கள் எழுதியதுதான். நாடி பார்ப்பவர் தமது தவறுகளுக்குப் பட்டியல் வைத்திருக்கிறாரா? விஞ்ஞானத்தின் யோக்கியதை, தவறாமையில் இல்லை. தவறை எண்ணி எழுதி வைப்பதில் இருக்கிறது.

ஆகவே, தாய்மார்களே! நாள் தள்ளிப் போய்க் கார்டில் ஒரே கோடு வந்தால், இரண்டு மூன்று நாள் விட்டு, காலையில் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். ஆனால் அடிவயிற்று வலியோ, உதிரப்போக்கோ, மயக்கமோ இருந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம். கார்டு என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், "இரத்தத்தில் எச்.சி.ஜி. எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள், ஸ்கேன் பாருங்கள்" என்று கேளுங்கள். ஒரு எண்ணைக் கொண்டு கரு எங்கே இருக்கிறதென்று சொல்ல முடியாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதும், ஸ்கேனும் சேர்ந்துதான் சொல்லும்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமாகாத பெண், புருஷனைப் பிரிந்த பெண், இந்தத் தரமணிக் கம்பெனிகளில் ராத்திரி ஷிப்டு வேலை பார்க்கும் பெண், இவர்கள் வலியோடு வந்தால், "கடைசியாக எப்போது தூரம் ஆனாய்?" என்ற கேள்விக்கு அண்ணன், தகப்பன் எதிரில் உண்மை சொல்ல முடியுமா? மானத்திற்குப் பயந்து, "அதெல்லாம் இல்லை" என்பாள். அந்த இடத்தில் ஒரு சொட்டு இரத்தம் அவள் வாயால் சொல்ல முடியாததைச் சொல்லி உயிரைக் காப்பாற்றும். ஆனால் அந்த முடிவு அவளுடையது. அவள் காதில் சொல்ல வேண்டியதே தவிர, வராந்தாவில் நிற்கும் உறவினர்களிடம் கூவ வேண்டியதல்ல. 1971இல் வந்து 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், கல்யாணமாகாத பெண்ணுக்கும் 20 வாரம் வரை வழி வைத்திருக்கிறது. ரகசியத்தைக் காக்க வேண்டுமென்றும் சொல்லுகிறது. தவறான ஒரு கோட்டினாலோ வெட்கத்தினாலோ வீணாகும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

தோழர்களே! நமது தோழரின் தங்கை இன்று சுகமாக இருக்கிறார். இந்தக் கூட்டத்திற்கும் வந்திருக்கிறார். இந்தக் கதையைப் பெயரில்லாமல் சொல்லலாமென்று அவர்தான் நமக்கு அனுமதி கொடுத்தார். "அண்ணே, இந்தத் தடவையாவது முழுசா சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினார். நமக்குத் தெரிந்த மட்டில் முழுவதையும் சொல்லிவிட்டோம். இதையும் நாம் சொன்னோமென்பதற்காக நம்பிவிட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த டாக்டரையும் நர்ஸம்மாளையும் கேளுங்கள். அவர்கள் சொல்லுவதையும் நமது பேச்சையும் ஒப்பிட்டுப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று படுவதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.